குளோனும் நினைவும்: சைபர்பங்க் அறிவியல் புனைகதை எழுதுவதற்கான வழிகாட்டி

உயர்ந்த தொழில்நுட்பத்தையும் அதன் கீழ் நசுங்கும் எளியவர் வாழ்வையும் பேசும் அறிவியல் புனைகதை வகையே சைபர்பங்க். குளோனிங்கை மையமாகக் கொண்ட சைபர்பங்க் கதைகளை எழுத முற்படுவோரில் பலர் ஒரே காட்சியில் தொடங்கி ஒரே காட்சியில் முடிக்கிறார்கள். திரவம் நிரம்பிய தொட்டியில் ஒருவன் கண் விழிக்கிறான். நியான் விளக்குகள் எரியும் மழைநகரத்தில் அலைகிறான். தான் ஒரு நகல் என்பதைக் கடைசிப் பக்கத்தில் தெரிந்துகொள்கிறான். இவ்வகை எழுத்து 1980களில் உருப்பெற்றபோது அந்தத் திருப்பத்துக்கு இருந்த வலிமை இன்று இல்லை. வாசகர் இரண்டாவது பத்தியிலேயே அதை ஊகித்துவிடுகிறார். ஆகவே, தான் நகல் என்று கதாபாத்திரம் அறியும் இடத்தைக் கதையின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வைத்து எழுதுமாறு பரிந்துரைக்கிறேன். அந்த உண்மை தெரிந்த மறுநாள் காலையில் அந்த மனிதரால் எந்தக் கதவைத் திறக்க முடியும், யாருடைய கடனை அவர் அடைக்க வேண்டும், யாரை அவர் அம்மா என்று அழைக்கலாம் என்பவையே எழுதத் தகுந்த கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், எழுத உட்காரும் முன்பே மூன்று விஷயங்களைத் தனித்தனியாக முடிவு செய்துகொள்ள வேண்டும். உடல் எவ்வாறு நகலாகிறது என்பது ஒன்று. நினைவு எவ்வாறு நகலாகிறது என்பது மற்றொன்று. இரண்டின் உரிமையும் யாரிடம் இருக்கிறது என்பது மூன்றாவது. வலுவற்ற கதைகளில் இம்மூன்றும் ஒரே பொத்தானை அழுத்தியவுடன் நடந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து வைத்தால், ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் தாமாகவே வெளிப்படும். கதைக்குத் தேவையான சம்பவங்களில் பெரும்பகுதி அவ்விடங்களிலிருந்துதான் பிறக்கிறது.

உடலை வரையறுத்தல்

குளோனிங் இன்றைய அறிவியலில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். எடின்பரோவுக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி என்ற செம்மறியாடு, ஆறு வயதுப் பெட்டையாடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த செல்லைக் கொண்டு உருவாக்கப்பட்டது. உட்கரு நீக்கப்பட்ட, வேறோர் ஆட்டின் கருமுட்டையுடன் அச்செல்லை இணைத்து, இன்னோர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். இவ்வாறு இணைக்கப்பட்ட 277 முட்டைகளில் கருப்பைக்கு மாற்றும் அளவுக்கு வளர்ந்தவை 29 மட்டுமே. உயிருடன் பிறந்து வளர்ந்தது டாலி ஒன்றுதான்.

புனைகதை எழுதுபவர் இந்த எண்களைக் கடந்து போய்விடக் கூடாது. உங்கள் கதையுலகில் மனிதரைக் குளோன் செய்யும் நிறுவனத்தின் வெற்றி விகிதம் என்ன? பத்தில் ஒன்று வெற்றி என்றால், மற்ற ஒன்பதும் எந்த நிலையில் நின்றன, அவற்றை யார் அப்புறப்படுத்தினார்கள், அந்த வேலையைச் செய்பவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறார்? வெற்றி விகிதம் முழுமையானது என்று நீங்கள் முடிவு செய்வதிலும் தவறில்லை; ஆனால் அந்நிலையை எட்டுவதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்த சோதனைகள் அவ்வுலகின் வரலாற்றில் எங்கோ பதிந்திருக்க வேண்டும். கருமுட்டை தந்தவர், கருப்பை தந்தவர், செல் தந்தவர் என மூவர் இதில் சம்பந்தப்படுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 37 மரபணுக்கள் கருமுட்டையோடு வருபவை. எனவே குளோன் என்பது செல் தந்தவரின் முழுமையான மரபணு நகலும் அன்று. ஒரு நிறுவனத்தின் விளம்பரம் 'நூற்றுக்கு நூறு நீங்கள்' என்று அறிவிக்கிறது, அதை நம்பியவருக்குப் பிற்காலத்தில் முகம் தெரியாத முட்டைக் கொடையாளர் ஒருவரின் பரம்பரை நோய் வந்து சேர்கிறது என்ற ஒரு முடிச்சே சிறுகதைக்குப் போதுமானது.

தோற்றமும் உறுதியானதன்று. 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, அதன் மூவண்ண மூலப் பூனையிடம் இருந்த ஆரஞ்சு நிறம் அறவே இல்லை. மூவண்ணப் பூனைகளின் நிறத்தை, ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் எது செயலிழக்கிறது என்பது தீர்மானிக்கிறது. அந்தத் தேர்வு கரு வளரும்போது தற்செயலாக நிகழ்வது. மனிதரில் இதற்கு இணையாகக் கைரேகையையும் கருவிழிப் படலத்தின் அமைப்பையும் சொல்லலாம். ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையருக்கே இவை வேறுபடுகின்றன என்பதால், உங்கள் குளோனுக்கும் வேறுபட்டே ஆக வேண்டும். அப்படியானால் மரபணுச் சோதனையில் தேறும் ஒருவர் தன் வீட்டுக் கதவின் கைரேகைப் பூட்டில் தோற்றுப்போவார். கண்காணிப்பு நிறைந்த நகரத்தைக் களமாகக் கொள்ளும் சைபர்பங்க் கதைக்கு இதைவிடப் பயனுள்ள உண்மை அரிது. எந்தச் சோதனை அவரை ஏற்கும், எது மறுக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கதாபாத்திரத்தை ஒவ்வொரு வாசலிலும் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

அடுத்தது வளர்ச்சிக் காலம். குளோன் குழந்தையாகத்தான் பிறக்கிறது. நாற்பது வயது உடல் வேண்டுமென்றால் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அல்லது வளர்ச்சியை விரைவுபடுத்தும் ஒரு முறையை நீங்கள் கற்பனை செய்ய வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மூளை அனுபவத்தால் வளர்வது. டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், பிறந்த முதல் சில மாதங்களில் ஒரு கண்ணை மூடி வைத்திருந்தால், பின்னர் திறந்தபோதும் அக்கண்ணால் பார்க்கும் திறன் மூளையில் உருவாகாமல் போனது. தொட்டியில் கண்மூடியே வளர்ந்த உடலுக்குக் குறைபாடற்ற கண்கள் இருந்தாலும், பார்க்கக் கற்ற மூளை இருக்காது. இதைத் தீர்க்க உங்கள் நிறுவனம் வளரும் உடல்களுக்குச் செயற்கையான காட்சிகளையும் ஒலிகளையும் தொடுகையையும் ஊட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால், நினைவு ஏற்றப்படும் முன்பே அந்த உடலுக்கென்று ஒரு குழந்தைப்பருவம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தக் குழந்தைப்பருவத்தை வாழ்ந்தது யார்? நான் இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் மிகுந்த துயரம் தரும் கேள்வி இதுவே என்று கருதுகிறேன். அதைத் தொடாமல் கடந்துபோகும் கதை தன் கையிலிருந்த மிகச் சிறந்த பொருளைத் தவறவிடுகிறது.

உடலுக்கென்று தனி நினைவுகளும் உண்டு. பழைய நோய்களையும் தடுப்பூசிகளையும் நோயெதிர்ப்பு மண்டலம் நினைவில் வைத்திருக்கிறது. தோல் தழும்புகளை வைத்திருக்கிறது. கை தன் தொழிலின் காய்ப்பை வைத்திருக்கிறது. புதிய உடலில் இவை எவையும் இரா. குழந்தையாக இருந்தபோது பட்ட தீக்காயத்தைத் துல்லியமாக நினைவுகூரும் ஒருவர், தழும்பில்லாத தன் முழங்கையைத் தடவிப் பார்க்கும் காட்சியைப் பலரும் எழுதியிருக்கக்கூடும். சாதாரணச் சளிக் காய்ச்சல்கூடப் புதிதாக வந்து படுத்த படுக்கையாக்கும் முதல் மாதத்தை எழுதியவர்கள் குறைவு.

நினைவு என்பது எதன் நகல்

இனி கடினமான பகுதிக்கு வருவோம். நினைவை ஒரு கோப்பாகக் கற்பனை செய்துகொண்டு அதைப் பிரதியெடுத்து ஒட்டுவதாக எழுதுவது எளிது. நரம்பியல் காட்டும் சித்திரம் இதைவிடச் சிக்கலானது, கதைக்கு இதைவிட உதவியானதும்கூட.

முதலில் அளவு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. வலிப்பு நோய்க்கான அறுவையில் அகற்றப்பட்ட, ஒரு கன மில்லிமீட்டர் அளவேயான மூளைத் துணுக்கு ஒன்றை முழுமையாக வரைபடமாக்கிய ஆய்வு 2024-இல் வெளியானது. அந்தத் துணுக்கில் மட்டும் சுமார் 57,000 செல்களும் 15 கோடி நரம்பிணைப்புகளும் இருந்தன. அதன் தரவு 1,400 டெராபைட் அளவை எட்டியது. முழு மூளையின் கொள்ளளவு பன்னிரண்டு லட்சம் கன மில்லிமீட்டருக்கு மேற்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவரைச் சட்டைப்பைக்குள் அடங்கும் சில்லில் போட்டுக்கொண்டு ஓடும் காட்சி எவ்வளவு பெரிய தாவலை வாசகரிடம் கோருகிறது என்பது விளங்கும். தாவல் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேமிப்புக்கு விலை உண்டு, இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும் என்று வைத்தால், நினைவைச் சேமிப்பதே ஒரு வர்க்கப் பிரச்சினையாகிவிடும்: செல்வந்தர் முழுமையாகச் சேமிக்கப்படுகிறார், கூலித் தொழிலாளியின் நினைவு சுருக்கப்பட்டு, வேலைக்குத் தேவைப்படாத பகுதிகள் நீக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. எதை நீக்கலாம் என்று முடிவு செய்யும் ஊழியர் ஒருவரை உங்கள் கதையின் நாயகராக்கிப் பாருங்கள்.

மேற்சொன்ன ஆய்வில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. அத்துணுக்கை ஆயிரக்கணக்கான மிக மெல்லிய சீவல்களாக வெட்டித்தான் படமெடுத்தார்கள். உங்கள் உலகின் முறையும் இத்தகையதாக இருந்தால், பிரதியெடுப்பதும் கொல்வதும் ஒரே செயல்; மூலமும் நகலும் ஒருபோதும் சந்திக்க முடியாது. வெட்டாமலே பதிவு செய்யும் முறை இருந்தால், இருவரும் ஒரே அறையில் இருக்க முடியும். இவ்விரண்டும் முற்றிலும் வெவ்வேறான கதைகள். பாதி எழுதிய பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாதீர்கள்.

அடுத்து, நினைவு ஒன்றல்ல என்பதை உணர வேண்டும். கடுமையான வலிப்பைக் குணப்படுத்த 1953-இல் ஹென்றி மோலைசன் என்பவருக்குச் செய்த அறுவையில், புதிய நினைவுகளை உருவாக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி இரு பக்கமும் அகற்றப்பட்டது. அதன் பிறகு நிகழ்ந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, முன்பு செய்ததே நினைவில்லாத நிலையிலும் அவருடைய கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. நிகழ்ச்சிகளின் நினைவும் திறமையின் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் தங்குகின்றன. ஆகவே உங்கள் நிறுவனம் ஒன்றை மட்டும் பிரித்து விற்கலாம். பூட்டைத் திறக்கத் தெரிந்த கை, அதை எங்கே கற்றோம் என்று அறியாத மனம். அல்லது இசை மேடைகள் அனைத்தும் நினைவிருக்க, விரல்கள் மட்டும் ஒத்துழைக்காத கலைஞர். எதை ஏற்றினார்கள், எதை விட்டார்கள் என்ற பட்டியலே அந்தக் கதாபாத்திரத்தின் முழு உளவியலாகிவிடும்.

மூன்றாவது, நினைவு நிலையானதன்று. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் கேள்வியின் வினைச்சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். கார்கள் 'நொறுங்க மோதிய' வேகம் கேட்கப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினர், ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக 'மோதிய' என்று கேட்கப்பட்டவர்களில் அவ்வாறு சொன்னோர் 14 விழுக்காடு. 2000-ஆம் ஆண்டில் எலிகளிடம் செய்த ஆய்வொன்று, நினைவுகூரப்படும் அச்ச நினைவு மீண்டும் இளகி, மறுபடி உறுதிப்பட வேண்டிய நிலைக்கு வருகிறது என்றும், அந்த நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்நினைவு பலவீனமடைகிறது என்றும் காட்டியது. 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளியால் குறிப்பிட்ட செல்களைத் தூண்டி, அதிர்ச்சி எதையும் சந்திக்காத ஓர் இடத்தைக் கண்டு எலி அஞ்சும்படி செய்தார்கள்.

இவற்றைக் கதைக்குள் கொண்டுவரும்போது நெடிய விளக்கங்களாகக் கொட்டிவிடக் கூடாது. ஒரு காட்சியாக மாற்றுங்கள். நகலிடம் விசாரணை அதிகாரி கேள்வி கேட்கிறார். கேள்வியில் இருந்த ஒரு சொல் மறுநாள் நகலின் வாக்குமூலத்தில் அவருடைய சொந்த நினைவாகவே வந்து அமர்கிறது. அதை வாசகர் மட்டும் கவனிக்கிறார். நினைவைத் திருத்தும் இயந்திரம்கூட அங்கே தேவைப்படவில்லை. மூலமனிதரின் நினைவே பொய் கலந்ததாக இருக்க, நகலின் நினைவு அதைத் துல்லியமாகப் பிரதியெடுத்திருக்கும் நிலைமையும் எழுதத் தகுந்தது: இருவரும் ஒரே மாதிரி சொல்வதால் அது உண்மை என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது.

விடுபட்ட நாட்கள்

கதைக்கட்டமைப்பில் மிகவும் பயன் தரும் கருவி, காப்புப் பிரதி எடுத்த நாளுக்கும் மரண நாளுக்கும் இடையிலான காலம். இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்குகிறேன். கடலடித் தகவல் வடங்களைப் பழுதுபார்க்கும் பெண் ஒருவர் இருக்கிறார். ஆபத்தான வேலை என்பதால், முப்பது நாளுக்கு ஒருமுறை அவருடைய நினைவைப் பதிவு செய்யும் உரிமை ஒப்பந்தப்படி நிறுவனத்திடம் இருக்கிறது. கடைசிப் பதிவுக்குப் பிறகு பத்தொன்பதாம் நாள் அவர் இறந்துபோகிறார். நகல் கண் விழிக்கிறார். அவருக்கு அந்தப் பத்தொன்பது நாட்கள் இல்லை.

இந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை முதலில் நீங்கள் முழுமையாக எழுதிவிட வேண்டும். கதையில் அதில் கால் பகுதிகூட வராமல் போகலாம். நான் இவ்வாறு அமைப்பேன்: நான்காம் நாளில் சக தொழிலாளி ஒருவர் பாதுகாப்புக் குறைபாட்டால் உயிரிழக்கிறார், ஒன்பதாம் நாளில் அந்தப் பெண் நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சியம் சொல்ல ஒப்புக்கொண்டு தன் குரலில் பதிவொன்றைத் தருகிறார், பதினான்காம் நாளில் பல ஆண்டுகள் பேசாதிருந்த தங்கையோடு சமாதானமாகிறார். கண் விழிக்கும் நகலுக்கு நிறுவனத்தின் மீது எந்தக் கோபமும் இல்லை. தங்கையின் மீது பழைய கோபம் அப்படியே இருக்கிறது. தங்கை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது நகல் விலகி நிற்கிறார். சாட்சியப் பதிவில் ஒலிப்பது அவருடைய குரலேயானாலும், அந்த முடிவை எடுத்தவர் அவர் அல்லர். மரணம் விபத்துதானா என்ற ஐயம் இங்கே தானாகவே எழுகிறது. ஏனென்றால் சாட்சியம் சொல்லத் துணிந்த ஒருவரின் இடத்தில், துணிவதற்கு முந்தைய அவரையே வைத்துக்கொள்வது நிறுவனத்துக்கு ஆதாயம்.

இடைவெளி எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், ஒரு மனிதர் ஒரு முக்கியமான விஷயத்தில் மனம் மாறுவதற்குப் போதுமான அளவு என்பேன். சில மணி நேரமாக இருந்தால் அது துப்பறியும் கதையின் பக்கம் சாயும். பல ஆண்டுகளாக இருந்தால் உலகம் மாறிப்போன வியப்பே மேலோங்கும். சில வாரங்கள் என்ற அளவில்தான், அதே வீடு, அதே ஆட்கள், அதே வேலை இருக்க, மனிதர் மட்டும் வேறாகிவிடும் வேதனை சரியாக அமைகிறது.

உரிமை யாருக்கு

சைபர்பங்க் வகைக்கும் பொதுவான அறிவியல் புனைகதைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தீர்மானமாகிறது. 'நான் யார்' என்ற கேள்வியைத் தத்துவ அறிஞர் கேட்பதற்கு முன், உரிமம் வழங்கும் அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் கடன் கொடுத்தவரும் கேட்டுவிடும் உலகம் இது. அதற்குரிய முன்னுதாரணங்களைத் தேடிக் கற்பனைக்குள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவர் அறியாமலே எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. ஜான் மூர் என்பவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு காப்புரிமை பெறப்பட்ட வழக்கில், உடலிலிருந்து அகற்றப்பட்ட அச்செல்களின் மீது அவருக்குச் சொத்துரிமை கிடையாது என்று 1990-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்புதல் பெறாமல் நடந்துகொண்டதற்காக மருத்துவர் மீது வழக்குத் தொடர மட்டும் இடமளித்தது. பார்வையிழந்தோருக்குச் செயற்கை விழித்திரை பொருத்திவந்த ஒரு நிறுவனம் அத்தயாரிப்பைக் கைவிட்டபோது, அதைக் கண்ணில் பொருத்திக்கொண்டிருந்த 350-க்கும் மேற்பட்டோர், பழுது பார்க்க ஆளில்லாத கருவியைத் தம் உடலுக்குள் சுமக்க நேர்ந்தது.

இம்மூன்றையும் உங்கள் குளோன் மீது பொருத்திப் பாருங்கள். செல்லின் உரிமை, நினைவுப் பதிவின் உரிமை, அதை இயக்கும் மென்பொருளின் உரிமை ஆகியவை மூன்று வெவ்வேறு தரப்பினரிடம் இருக்கலாம்; அவற்றுள் ஒரு தரப்பு திவாலாகலாம். என் எடுத்துக்காட்டில் வரும் பெண், தன் புதிய உடலை உருவாக்கிய செலவைத் தானே கடனாக அடைக்க வேண்டியிருக்கிறது. இறந்தவரின் ஓய்வூதியமோ அவர் இறந்துவிட்டார் என்ற காரணத்தால் முடக்கப்படுகிறது. கடனுக்கு அவர் அதே நபர். ஓய்வூதியத்துக்கு வேறு நபர். இந்த முரண்பாட்டை எவரும் கொடுமைக்காரராக இல்லாமலே, ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி நடந்துகொள்வதாலேயே நேர்வதாக எழுதினால், அதன் கொடுமை முழுமையாகப் புலப்படும். ஒரு ஒப்பந்தத்தின் இரண்டு பிரிவுகளையாவது சட்ட மொழியிலேயே எழுதிப் பாருங்கள். அதை எழுதும் முயற்சியில் உங்கள் உலகின் ஓட்டைகள் உங்களுக்கே தெரியவரும்.

அடையாளத்துக்கு யார் சாட்சி

தத்துவத்தை முழுவதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். நினைவின் தொடர்ச்சியே ஆளின் தொடர்ச்சி என்று 1694-இல் வாதிட்ட ஜான் லாக், இளவரசன் ஒருவனின் நனவு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்தால் அவர் இளவரசனே என்றார். தாமஸ் ரீட் 1785-இல் இதை மறுத்தார்: சிறுவனாக அடி வாங்கியதை இளம் அதிகாரி நினைவில் வைத்திருக்கிறார், அந்த அதிகாரியாகச் செய்த வீரச் செயலை முதிய தளபதி நினைவில் வைத்திருக்கிறார், ஆனால் அடி வாங்கியது தளபதிக்கு நினைவில்லை, அப்படியானால் தளபதியும் சிறுவனும் ஒருவர்தாமா? நகலெடுப்பதை நேராகவே எடுத்துக்கொண்டு 1984-இல் எழுதிய டெரக் பார்ஃபிட், ஒரே ஆளா இல்லையா என்பதைவிட உளவியல் தொடர்ச்சி எஞ்சுகிறதா என்பதே முக்கியம் என்று வாதிட்டார். இவர்களில் ஒருவருடைய நிலைப்பாட்டை ஒரு கதாபாத்திரத்துக்கும், எதிர்நிலைப்பாட்டை மற்றொரு கதாபாத்திரத்துக்கும் கொடுங்கள். ஆனால் அவர்களை விவாதிக்க வைக்காமல், அந்த நம்பிக்கைப்படி ஒரு செயலைச் செய்ய வையுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய திருமூலர் வரலாற்றில், இறந்து கிடக்கும் இடையன் மூலனைச் சுற்றிக் கதறும் பசுக்களுக்காக யோகி ஒருவர் அவ்வுடலுக்குள் புகுகிறார். பசுக்கள் அவரை ஏற்றுக்கொள்கின்றன. மூலனின் மனைவியோ அருகில் வந்ததும் 'உனக்கும் எனக்கும் உறவில்லை' என்று எதிரே நிற்பவர் சொல்லக் கேட்டுத் துடிக்கிறார், ஊராரிடம் முறையிடுகிறார். யோகி தன் பழைய உடலைத் தேடிச் செல்லும்போது அது அங்கே இல்லை. உடலை மட்டும் அறிந்த பசுக்கள், உள்ளிருப்பவரை நாடும் மனைவி, தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஊரார், திரும்பிச் செல்ல முடியாதபடி மறைந்துபோன மூல உடல் என இன்றைய குளோன் கதைக்கு வேண்டிய எல்லாத் தரப்பும் அங்கே நிற்கின்றன. அந்தக் கதையை நவீன உடையில் திரும்பச் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை. அதில் அடையாளம் என்பது ஒருவர் தனக்குள் உணர்வதாக மட்டும் இல்லாமல், சுற்றியிருப்போர் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ அமைந்திருக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நகலை ஏற்கும் ஒருவர், மறுக்கும் ஒருவர், முடிவெடுக்க இயலாத ஒருவர் என மூவரை உங்கள் கதையில் வைத்தால், நாயகரின் புலம்பலுக்கு வேலையே இராது.

யார் சொல்லும் கதை

தன்மையில் சொல்வதா, படர்க்கையில் சொல்வதா என்ற முடிவை இவ்வகைக் கதையில் அலட்சியமாக எடுக்கக் கூடாது. தன்மையில் சொன்னால், இறந்தவரின் குழந்தைப்பருவத்தை 'நான்' என்றே நகல் விவரிக்கும். அந்த 'நான்' எந்த இடத்தில் சொல்லத் தயங்குகிறது என்பதை வைத்தே நீங்கள் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடலாம். படர்க்கையில் சொன்னால், தமிழ் வினைமுற்றே உங்களுக்குப் பெரும் கருவியாகும். நிறுவனத்தின் ஆவணங்கள் நகலை அஃறிணையில் குறிப்பிடட்டும்: 'விழித்தது, உணவு உட்கொண்டது, ஒத்துழைக்க மறுத்தது'. பராமரிக்கும் செவிலியர் ஒருநாள் தன் குறிப்பேட்டில் 'மறுத்தார்' என்று எழுதிவிடுகிறார். அந்தச் சிறு மாற்றத்தை எவரும் விளக்காமல் விட்டுவிட்டால் போதும். மூலமும் நகலும் சந்திக்கும் கதையில், தங்கள் தாயைப் பற்றிப் பேசும்போது 'நம் அம்மா' என்பதா, 'என் அம்மா' என்பதா என்ற தயக்கத்துக்குள் ஒரு முழு உரையாடலும் அடங்கிவிடும். இருவரும் ஒரே பேச்சு நடையைக் கொண்டவர்கள் என்பதால், யார் பேசுகிறார்கள் என்று வாசகர் குழம்ப வாய்ப்புண்டு. விடுபட்ட நாட்களில் மூலத்துக்குப் பழகிப்போன ஒரு சொல்லை அவருக்கு மட்டும் கொடுத்து வேறுபடுத்துங்கள்.

களத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மழையும் நியானும் இல்லாமலும் சைபர்பங்க் எழுத முடியும். உயர்ந்த தொழில்நுட்பம் எளியவரின் அன்றாட வாழ்வில் எந்த வடிவில், எந்தத் தவணையில், எந்தப் பழுதோடு வந்து சேர்கிறது என்பதைக் காட்டிவிட்டால் களம் அமைந்துவிடும். புதுச்சொற்களை இரண்டு மூன்றுக்கு மேல் படைக்காதீர்கள். அத்தொழிலைச் செய்பவர் களைத்துப்போன நேரத்தில் எளிதாகச் சொல்லக்கூடிய சொல்லாக அவை இருக்கட்டும்.

முடிவைப் பற்றி ஒன்று. இருவரில் ஒருவரைக் கொன்று சிக்கலைத் தீர்ப்பது மிக எளிய வழி என்பதாலேயே அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு முடிவை நகல் சொந்தமாக எடுக்கும் இடத்தில் கதை நிற்கட்டும். என் எடுத்துக்காட்டில், இறந்தவரின் சாட்சியத்தைத் தன்னுடையது என்று ஏற்றுக் கையொப்பமிட வேண்டுமா என்பது அவர் முன் இருக்கும் தேர்வு. அவருக்கு அந்தக் கோபம் நினைவில் இல்லை. ஆனால் இறந்த சக தொழிலாளியின் வீட்டுக்குப் போய் அங்கிருப்பவர்களைப் பார்த்து, புதிதாக ஒரு கோபத்தைத் தானே அடைய அவரால் முடியும். அப்படி அடைந்தால் அந்தக் கையொப்பம் மரபாக வந்ததாகவும் இராது, கட்டாயத்தால் நேர்ந்ததாகவும் இராது. அவர் கையொப்பமிடாமல் போவதும் நேர்மையான முடிவே. அதற்கான காரணமும் அவருடைய புதிய வாழ்விலிருந்து வர வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும், இரண்டு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். ஒன்றில் மூலம் அறிந்தவை, மற்றொன்றில் நகல் அறிந்தவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளைக் குறியுங்கள். பிறகு கதையை முதலிலிருந்து வாசித்து, பதிவு நாளுக்குப் பிந்தைய செய்தி ஒன்றை நகல் யாரும் சொல்லாமலே அறிந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள். கவனமாக எழுதிய வரைவிலும் அத்தகைய இடங்கள் சில இருக்கும், குறிப்பாக உரையாடல்களில். ஒவ்வொன்றிலும் அந்தச் செய்தியை நகலுக்கு யார் சொன்னார் என்று கேளுங்கள். விடை இருந்தால் அதற்கொரு காட்சியைச் சேர்த்துவிடுங்கள்; விடை இல்லையென்றால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.